லினக்ஸுக்கு மாறச் சொன்னீர்கள், தமிழ் அடிக்கும் வழியைச் சொல்லவில்லையே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப்போட வேண்டாம், விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்துக்கு மாறினால் இன்னும் பல வருடம் ஓட்டலாம் என்று உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் பொய்யாக ஒன்றும் இல்லை. ஆனால் அத்தனை நீளம் எழுதியவர், மாறிய பிறகு தமிழில் எப்படித் தட்டச்சு செய்வது என்று ஒரு வரிகூட எழுதவில்லை. தமிழ்ப் பத்திரிகையில் தமிழில் வந்த கட்டுரை அது! அதனால்தான் இந்தக் கடிதம்.

தக்கலையில் தட்டச்சு, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பத்மநாபபுரம் கோர்ட்டுக்கு வருகிறவர்களின் மனு, வக்கீல் நோட்டீஸ், வாடகை ஒப்பந்தம், பிள்ளைகளின் பயோடேட்டா, இப்படித்தான் பிழைப்பு. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் படித்துத் தமிழில் ஹையர் பாஸ் செய்தவள். கடையில் இருக்கும் கம்ப்யூட்டர் இன்டெல் ஆறாம் தலைமுறை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் வரும். விண்டோஸ் 11 வேண்டுமானால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு சிப்பும் வேண்டும். என்னுடையதில் அதற்கு வழியில்லை. மெஷினோ நன்றாகத்தான் ஓடுகிறது. நல்லா ஓடுகிற வண்டியை யாராவது ஆக்கர்கடைக்கு, அதாவது பழைய இரும்புக் கடைக்குத் தள்ளுவார்களா?

மருமகன் ஒரு பென்டிரைவில் லினக்ஸ் மின்ட் என்கிற லினக்ஸ் வகையைப் போட்டுக்கொண்டு வந்தார். கட்டுரையில் இதையும் அழுத்திச் சொல்லியிருக்கலாம்: பென்டிரைவில் இருந்தே ஓட்டிப் பார்க்க முடியும், உள்ளே இருக்கிற விண்டோஸில் ஒரு கோப்பும் அசையாது. வைஃபை கிடைக்கிறதா, பிரிண்டர் பேசுகிறதா, ஸ்பீக்கரில் சத்தம் வருகிறதா என்று எல்லாம் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் பென்டிரைவைப் பிடுங்கிவிடலாம். புதிதாக வருகிறவர்களுக்கு இதைவிடத் தைரியம் தருகிற விஷயம் வேறில்லை. மின்டுக்குக் குறைந்தது 20 ஜிபி இடம் வேண்டும், 4 ஜிபி ராம் இருந்தால் நல்லது. 2 ஜிபி ராமிலும் ஓடும், மெதுவாக.

இனி தமிழுக்கு வருகிறேன்.

மின்டில் கீபோர்டு அமைப்புக்குள் போனால் தமிழ் என்று இருக்கும், அதற்குள் தமிழ்99 என்கிற விசைப்பலகை வகையும் இருக்கும். ஆசையாக அதைத் தேர்ந்தெடுப்பீர்கள். எழுத்து வரும், ஆனால் தமிழ்99இன் சுகம் வராது. அது ஒரு விசைக்கு ஒரு குறி என்று எழுதிவைத்த வெறும் பட்டியல். அ, ம, ம, ஆ என்று நாலு விசை அடித்தால் நடுவில் புள்ளி தானாக விழுந்து ‘அம்மா’ என்று வருவதுதான் 1999இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 முறையின் அழகே. அது வேண்டுமென்றால் வேறு வழியாகப் போக வேண்டும். ‘இன்புட் மெத்தட்’ என்று தனியாக ஒரு இடம் இருக்கிறது, அங்கே ஐபஸ் (IBus) என்கிற, பல மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் மென்பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு மென்பொருள் கடையில், அதாவது போனில் இருக்கும் பிளே ஸ்டோர் மாதிரியே இங்கேயும் ஒன்று உண்டு, ‘ஐபஸ் எம்17என்’ (ibus-m17n) என்று தேடி நிறுவ வேண்டும். அதன் பிறகு ஒருமுறை லாக் அவுட் செய்து உள்ளே வர வேண்டும். இந்த லாக் அவுட்டைச் செய்யாமல் ‘தமிழ் வரவே இல்லை’ என்று கைவிடுகிறவர்கள்தான் நிறையப் பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். திரும்பி வந்து ஐபஸ் பட்டியலில் தமிழைத் திறந்தால் தமிழ்99, போனடிக், இன்ஸ்கிரிப்ட், டைப்ரைட்டர் என்று வரிசையாக நிற்கும். விண்டோஸ் படம் போட்ட விசையையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அமுக்கினால் ஆங்கிலமும் தமிழும் மாறி மாறி வரும்.

அந்தப் பட்டியலில் டைப்ரைட்டர் என்ற பெயரைப் பார்த்ததும் எனக்கு வந்த நிம்மதி, கட்டுரை எழுதியவருக்குப் புரியுமோ என்னவோ. எங்கள் காலத்து ஆட்களுக்கு இடதுகை விரல்கள் தானாக ‘யளனக’ என்றுதான் போய் உட்காரும். புதிதாகப் படிக்கிற பிள்ளைகள் தமிழ்99 படிக்கட்டும், அதுதான் நல்லது. ஐம்பது வயசுக்கு மேல் விரலை மாற்று என்று எங்களிடம் சொல்லாதீர்கள். அடுத்த வாய்தாவுக்குள் மனு போக வேண்டும்.

பழைய கோப்புகள் இன்னொரு தலைவலி. கடையில் வருடக்கணக்காகச் சேர்ந்தது எல்லாம் பாமினி எழுத்துருவில்தான். பாமினி இல்லாத கம்ப்யூட்டரில் அதைத் திறந்தால் ‘தமிழ்’ என்ற வார்த்தை ஜே, கே, பி, ஓ, பிறகு ஒரு அரைப்புள்ளி என்று ஆங்கிலக் குப்பையாக நிற்கும். பயப்பட வேண்டாம். உள்ளே இருப்பதே அந்த ஆங்கில எழுத்துதான், தமிழ் முகம் போடுவது எழுத்துரு மட்டும். பாமினி கோப்பைப் பென்டிரைவில் கொண்டுவந்து அதன்மேல் இரண்டு கிளிக் செய்தால் நிறுவு என்று ஒரு பொத்தான் வரும், அவ்வளவுதான். வேர்டுக்குப் பதிலாக லினக்ஸில் இருக்கும் லிப்ரே ஆபீஸில் மறுபடியும் தமிழாகிவிடும். பாமினியில் அடிக்க ஐபஸ்கூட வேண்டாம், ஆங்கிலத்தில் வைத்துவிட்டுப் பழைய மாதிரியே தட்டலாம்.

லிப்ரே ஆபீஸில் ஒரு எச்சரிக்கை. வேர்டில் லதா எழுத்துருவில் செய்த கோப்பை இங்கே திறந்தால், லதா இல்லாததால் வேறு எழுத்துரு வந்து உட்காரும், வரிகளின் நீளம் மாறும். சாதாரணக் கடிதத்துக்குப் பரவாயில்லை. முத்திரைத்தாளில் மேலே பாதி இடம் விட்டுத்தானே தொடங்குவோம்? அந்தக் கணக்கு தப்பிவிட்டால் தாள் வீண், காசும் வீண். வெள்ளைத்தாளில் ஒன்று எடுத்துப் பார்த்துவிட்டு முத்திரைத்தாளை வையுங்கள். வெளியே அனுப்புவதைப் பிடிஎஃப் ஆக அனுப்பிவிடுங்கள்.

எதிர்பாராமல் கிடைத்த லாபம் மலையாளம். கல்குளம், விளவங்கோடு பக்கம் 1956க்கு முந்தைய பிரமாணங்கள், அதாவது நிலப் பத்திரங்கள் பலதும் மலையாளத்தில்தான் இருக்கும். தண்டப்பேர் என்கிற நிலவரிக் கணக்கு எண், சர்வே எண் எல்லாம் அதிலிருந்து பார்த்து எழுத வேண்டியிருக்கும். அதே ஐபஸ் பட்டியலில் மலையாளத்தையும் சேர்த்துக்கொண்டேன், மூன்று மொழியும் அதே இரண்டு விசையில் சுற்றுகிறது. ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங் என்கிற கேரளக் குழு மலையாளத்துக்கு நல்ல எழுத்துருக்கள் செய்து இலவசமாகத் தந்திருக்கிறது. தமிழுக்கும் மீரா இனிமை என்று ஒன்று செய்திருக்கிறார்கள். மனுவுக்குப் பார்க்க லட்சணமாக இருக்கிறது.

பாறசாலையிலிருந்து வந்த எங்கள் சொந்தக்காரப் பிள்ளை ஒன்று கடையில் இந்தத் திரையைப் பார்த்துவிட்டு, “அம்மச்சி, இது எங்க ஸ்கூல்ல உள்ளது மாதிரிதானே இருக்கு” என்றது. களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குள் போனால் அரசுப் பள்ளியிலேயே பல வருடமாக, உபுண்டு என்கிற லினக்ஸ் வகையைச் சார்ந்த லினக்ஸில்தான் பாடம். நம் பக்கமும் அதற்கு வாய்ப்பு வராமல் இல்லை. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. என் மகளுக்குக் கிடைத்ததில் ஆன் செய்ததும் இரண்டு பெயர் காட்டும். இரண்டாவது பெயரை அமுக்கிப் பார் என்று ஒரு டீச்சரும் சொன்னதில்லை. கருவி கொடுத்தால் போதாது, பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும்.

சின்னச் சின்ன விஷயத்துக்குத்தான் ஆள் வேண்டும். டெர்மினல் என்கிற கறுப்புத் திரையில் பாஸ்வேர்டு கேட்கும்போது, மின்ட் அல்லாத சில லினக்ஸ்களில் நாம் தட்டத் தட்ட ஒரு புள்ளிகூடத் தெரியாது. கீபோர்டு போய்விட்டது என்று நினைக்கத் தோன்றும். அதன் வழக்கமே அதுதான், அடித்து முடித்து என்டர் தட்ட வேண்டும். சி டிரைவ், டி டிரைவ் என்று தேடினால் கிடைக்காது, ‘ஹோம்’ என்பதற்குள் எல்லாம் இருக்கும். கோப்பின் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. கோட்டாரிலும் குளச்சலிலும் தனியாகக் கடை நடத்துகிறவர்கள் இதையெல்லாம் யாரிடம் போய்க் கேட்பார்கள்?

எல்லோரும் மாறுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். டேலியில் கணக்கு எழுதுகிறவர்கள், பேஜ்மேக்கரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர்கள், கைரேகைக் கருவி வைத்து இ-சேவை செய்கிறவர்கள் அவசரப்பட வேண்டாம். என்னுடைய பழைய லேசர் பிரிண்டருக்கும் லினக்ஸில் டிரைவர் சரியாக அமையவில்லை. புதிய இங்க் டேங்க் பிரிண்டர் ஒயரைச் சொருகியதும் தானாகவே வந்துவிட்டது. வாங்கும் முன் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக அரசு அலுவலகங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒருங்குறியை, அதாவது யூனிகோடைத் தமிழக அரசே 2010இல் தரமாக ஏற்றுக்கொண்டது. அப்படியிருக்க, போன மாதம்கூட ஒரு அலுவலகத்திலிருந்து வந்த படிவம் பழைய எழுத்துருவில், வேர்டு கோப்பாக வந்தது. எழுத்துருவை நாங்கள்தான் தேடி அலைய வேண்டும். ஒருங்குறியில் அடித்துப் பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கும். இதற்குப் பைசா செலவில்லை.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். தமிழ் அடிக்கும் வழியை, எந்தப் பொத்தான் எங்கே என்று கம்ப்யூட்டர் திரையின் படத்தோடு அரைப் பக்கம் போடுங்கள். டைப்ரைட்டர் முறைக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கடைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறேன். வேண்டுமென்றால் உங்கள் நாகர்கோவில் நிருபரை அனுப்பி வையுங்கள், ஒரு பிரதி எடுத்துத் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வர வேண்டாம், கடை கிடையாது.

இப்படிக்கு,
தட்டச்சுக் கடைக்காரி,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.