பெயரில் ஐ3 இருந்தால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பிள்ளைகளின் படிப்புக்காகப் பழைய கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, ‘ஐ3 இருக்கா?’ என்பதுதான். பென்டியம், ஐ3 இரண்டும் இன்டெல் நிறுவனத்தின் பிராசசர் (கம்ப்யூட்டரின் மூளையான சிப்) வரிசைகள். பென்டியம் என்றால் மட்டம், ஐ3 என்றால் ஒரு படி மேல் என்று பலர் மனதில் பதிந்துபோயிருக்கிறது. ஒரே தலைமுறைக்குள் அது உண்மை. ஆனால் செகண்ட் ஹேண்ட் சந்தையில் பத்து வருஷத்துச் சரக்கும் ஒரே மேஜையில் இருக்கும். அங்கே இந்தக் கணக்கு பல நேரம் தலைகீழாகிவிடும். பழைய செட்டுகளில் அடிக்கடி பார்க்கும் இரண்டு பிராசசர்களை எடுத்துக்கொள்வோம்: கோர் ஐ3-2120, பென்டியம் ஜி4560.

இரண்டிலும் 2 கோர் (கணக்குப் போடும் மையம்), 4 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை), 3 எம்பி கேஷ் (சிப்புக்குள்ளேயே உள்ள வேக நினைவகம்). ஐ3-2120 வந்தது 2011-இல், 3.3 கிகாஹெர்ட்ஸ், 65 வாட். ஜி4560 வந்தது 2017 ஜனவரியில், 3.5 கிகாஹெர்ட்ஸ், 54 வாட். 0.2 கிகாஹெர்ட்ஸ்தானே வித்தியாசம் என்று விட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு சுழற்சியிலும் புதியது முடிக்கும் வேலையே அதிகம். ஒரே கோரில் ஓடும் வேலைகளில் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முந்தும். பிராசசர்களில் தெரியவந்த மெல்ட்டவுன் என்ற பாதுகாப்புக் குறைபாட்டுக்காக 2018-இல் வந்த பாதுகாப்புத் திருத்தங்களும் பழைய சிப்பைத்தான் கூடுதலாக இழுத்துப் பிடிக்கின்றன.

வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவது வீடியோவில். யூடியூப் பல வீடியோக்களை விபி9 என்ற சுருக்க வடிவில் அனுப்புகிறது. ஜி4560-இல் உள்ள ஹெச்டி 610 கிராபிக்ஸ் அதைத் தானே பிரித்துவிடும், பிராசசருக்குச் சுமையில்லை. ஐ3-2120-இன் ஹெச்டி 2000 கிராபிக்ஸுக்கு ஹெச்.264 என்ற பழைய வடிவம் தெரியும், விபி9 தெரியாது. அந்த வேலை முழுவதும் பிராசசர் தலையில் விழும். 1080பி பாட வீடியோ ஒருபக்கம் ஓட, இன்னொரு பக்கம் வேர்டு திறந்தால் எழுத்து தடுமாறும், ஃபேன் இரையும். ஏற்கெனவே இந்த ஐ3 வைத்திருப்பவர்கள், யூடியூபை ஹெச்.264-க்கு மாற்றும் நீட்சியை (எக்ஸ்டென்ஷன்) பிரவுசரில் சேர்த்தால் பாதித் தொல்லை தீரும்.

மாடல் எண்ணைப் படிப்பதில்தான் பெரிய குழப்பம். ஐ3-யில் நான்கு இலக்க எண்ணின் முதல் இலக்கம் தலைமுறை: 2120 இரண்டாவது, 3220 மூன்றாவது. பென்டியத்தில் அப்படியில்லை. ஜி2020 மூன்றாம் தலைமுறை, ஜி4400 ஆறாவது, ஜி4560 ஏழாவது. ‘ஜி4 என்றால் நாலாம் தலைமுறை’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பிராசசரோடு மதர்போர்டும் சேர்ந்தே வருகிறது. என் கணக்கில் அதுதான் பெரிய விஷயம். ஐ3-2120 பெரும்பாலும் ஹெச்61 வகை மதர்போர்டில் இருக்கும். அதில் டிடிஆர்3 என்ற பழைய வகை ராம், அதிகபட்சம் 16 ஜிபி. டிஸ்க்கை இணைக்கும் சாட்டாவின் வேகம் நொடிக்கு 3 ஜிகாபிட்தான். எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) போட்டாலும் பாதி வேகம்தான் கிடைக்கும். ஆனாலும் ஹார்ட்டிஸ்கோடு ஒப்பிட்டால் அதுவே மலையும் மடுவும். ஜி4560-க்கான ஹெச்110 போர்டில் 32 ஜிபி வரை ராம், 6 ஜிகாபிட் சாட்டா, யூஎஸ்பி 3.0 எல்லாம் உண்டு. போர்டைத் தொடக்கி வைக்கும் பயாஸ் மென்பொருள் பழையதாக இருந்தால் மட்டும் ஜி4560 எழும்பாது. அப்டேட் செய்ய வேண்டும். அதே போர்டில் எட்டாம் தலைமுறை ஐ3-8100 பொருந்தி உட்காரும், ஆனால் ஓடாது. பின்னாளில் ஏற்றிக்கொள்ள ஐ5-7500, ஐ7-7700 வரைதான் வழி.

டிடிஆர்3 ராம் வாங்கும்போது இன்னொரு கண்ணி: விலை மலிவாக வரும் 8 ஜிபி ஸ்டிக்குகளில் சில, இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் பிராசசருக்கான போர்டுக்கு மட்டுமே ஆனவை. ஐ3-2120 போர்டில் செருகினால் திரையே வராது. போர்டு போய்விட்டது என்று அடுத்த செலவுக்குப் போவதற்கு முன் ராமை மாற்றிப் பாருங்கள்.

பழைய ஐ3 ஜெயிக்கிற இடமும் ஒன்று உண்டு. அதில் ஒரே அடியில் பல எண்களைக் கணக்கிடும் ஏவிஎக்ஸ் கட்டளைத் தொகுப்பு இருக்கிறது, ஜி4560-இல் இல்லை. இயந்திரக் கற்றல் மென்பொருளான டென்சர்ஃப்ளோவின் தயார்நிலைப் பதிப்புகளும், தரவுத்தள மென்பொருளான மாங்கோடிபியின் 5.0-உம் அதற்குப் பிந்தைய பதிப்புகளும் ஏவிஎக்ஸ் இல்லாமல் ஓடாது. ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று சொல்லி நின்றுவிடும். கணினி அறிவியல் படிக்கும் கல்லூரி மாணவருக்கு ஜி4560 வாங்கித் தருவது தப்பு. அதே ஹெச்110 போர்டில் ஐ3-6100 கிடைத்தால் எடுங்கள். அதில் ஏவிஎக்ஸ், ஏவிஎக்ஸ்2 இரண்டும் உண்டு.

விண்டோஸ் 11-இன் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இரண்டுமே இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் இரண்டிலும் நன்றாக ஓடும்.

கடையில் நிற்கும்போதே செய்ய வேண்டியவை: கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் பிராசசரின் முழு எண்ணைப் பாருங்கள். செட்டை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். தேதி பின்னால் போயிருந்தால் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 நாணய பேட்டரி தீர்ந்திருக்கிறது. சின்னச் செலவுதான், ஆனால் மாற்றாவிட்டால் தேதி தவறிய பாதுகாப்புச் சான்றிதழ் என்று சொல்லி வங்கித் தளங்கள் திறக்காது. பிறகு கேபினட்டைத் திறந்து, பிராசசர் மேல் உள்ள ஹீட்சிங்க்கை (சூட்டை வாங்கும் உலோகக் கட்டை) லேசாக ஆட்டிப் பாருங்கள். அதைப் பிடிக்கும் நான்கு புஷ்பின்னில் ஒன்று சரியாக இறங்காவிட்டாலும் ஒரு மூலை தூக்கிக்கொள்ளும்; பிராசசர் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே உள்ள, சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்ட்டைச் சுரண்டாமல் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, நடுவில் பட்டாணி அளவு புதிது வைத்து, எதிரெதிர் மூலைகளாக அழுத்தினால் நான்கும் ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும். இரண்டு பிராசசர்களின் சாக்கெட்டுக்கும் (பொருந்தும் இடம்) கூலர் துளை இடைவெளி 75 மில்லிமீட்டர் என்பதால் கூலர் மாற்றியும் போடலாம்.

விற்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பில்லில் ‘ஐ3 செட்’ என்று மொட்டையாக எழுதாமல் பிராசசரின் முழு எண், மதர்போர்டு மாடல், ராமின் வகையும் அளவும் எழுதித் தாருங்கள். வாங்குபவர்களும் அதைக் கேட்டு வாங்கிய பிறகே பணத்தை எடுங்கள்.

இப்படிக்கு,
கணினி பழுதுநீக்குநர்,
திருச்சி.