ஒண்டுமில்ல என்று சொல்லாதீங்கம்மா

ஸ்காபரோ, கனடா
16.02.2025

அன்பின் அம்மாவுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் தங்கச்சி குடும்பமும் நல்லா இருக்க நம்மட பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன். ஞாயிறுக்கு ஞாயிறு போனில் கதைக்கிறவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீங்க. இந்தக் கதையைப் போனில் தொடங்கினால் பாதியிலேயே அழுவீங்க, இல்லாவிட்டால் “சரி, நீ போய்ப் படு” என்று வெட்டிவிடுவீங்க. கடிதமென்றால் தங்கச்சி பக்கத்தில் இருந்து இரண்டு தரம் வாசித்துக் காட்டுவாள். தங்கச்சி, அவசரப்படாமல் வாசி.

முதலில் என் விஷயம். எனக்குப் பித்தப்பையில் கல் இருக்கிறது. உயிருக்கு ஆபத்தில்லை. எண்ணெய்ச் சாப்பாட்டை விட்டிருக்கிறேன். ஒப்பரேஷனுக்குப் பெயர் கொடுத்தாயிற்று, திகதி இன்னும் வரவில்லை, சில மாதம் செல்லும் என்றார்கள். இதைக் கண்டுபிடிக்க ஒரு முழு இரவு ஆஸ்பத்திரிக் கதிரையில் இருந்தேன். அந்த இரவைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

ஜனவரி 30, வியாழக்கிழமை. பின்னேரம் ஒரு பிறந்தநாள் வீட்டில் ரோல்ஸ் இரண்டு சாப்பிட்டேன். இரவு பத்து மணிபோல வலப்பக்க விலாவுக்குக் கீழே பிடித்தது. சுடுதண்ணி குடித்தேன், ஓமத்தண்ணி குடித்தேன். நோவு தோள்மூட்டு வரைக்கும் ஏறியது, சத்தியும் எடுத்தேன். பிள்ளைகள் நல்ல நித்திரை. அவரை வீட்டில் விட்டுவிட்டு ஊபரில் தனியாக வெளிக்கிட்டேன். அவர் அம்புலன்ஸ் எடுக்கச் சொன்னார். இங்கே அதற்கு 45 டொலர் பில் வரும். காசுக்காக நான் மறுக்கவில்லை அம்மா. ஒரு வயிற்றுக்குத்துக்கு லைட் அடித்துக்கொண்டு அம்புலன்ஸ் வந்து, அக்கம்பக்கமெல்லாம் எட்டிப் பார்க்குமே என்று வெட்கம்.

இங்கே இரவு பதினொரு மணி என்றால் உங்களுக்கு அடுத்த நாள் காலை ஒன்பதரை. வெள்ளிக்கிழமை. நான் அந்தக் கண்ணாடிக் கதவால் உள்ளே போகும்போது நீங்க கோயிலுக்குப் போய் வந்து திருநீறோடு முற்றத்தில் இருந்திருப்பீங்க.

எமேர்ஜென்சிக்குள் போனவுடன் டொக்டரைக் காண முடியாது. முதலில் ஒரு நர்ஸ் மிஸி. பிறஷர் பார்த்து, காய்ச்சல் பார்த்து, நாலைந்து கேள்வி கேட்டு உங்களுக்கு ஒரு இலக்கம் போடுவார். ஒன்றிலிருந்து ஐந்து வரை. மூச்சு நின்றுபோகிற ஆளுக்கு ஒன்று, அவருக்கு வரிசையே கிடையாது. இரண்டென்றால் 15 நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும், மூன்றென்றால் 30 நிமிடம், நாலென்றால் ஒரு மணித்தியாலம், ஐந்தென்றால் இரண்டு. கனடா முழுக்க இதுதான் முறை. எழுத்தில் அப்படி இருக்கிறது. அன்று அந்தக் கூடத்தில் இருந்த எங்களுக்கு அது நடக்கவில்லை.

நோவு பூச்சியத்திலிருந்து பத்துக்குள் எத்தனை என்று மிஸி கேட்டார். எனக்கு நிமிர முடியவில்லை, கண்ணால் தண்ணி வடிந்தது. ஆனாலும் வாயில் வந்தது “ஐந்து.” ஏன் அப்படிச் சொன்னேன் என்று இரவு முழுக்க யோசித்தேன். இரண்டு பிள்ளை பெற்றவள், இதற்குப் போய்ப் பத்து என்றால் என்ன நினைப்பார்கள் என்று பட்டது. நாலு பேர் பார்க்க முனகக்கூடாது என்று நீங்க எங்களை வளர்த்தீங்க. நீங்களும் அப்படித்தான் இருந்தீங்க. தம்பி பிறக்கிற அன்று காலையிலும் வெற்றிலைத் தோட்டத்துக்குத் தண்ணி ஊற்றிவிட்டு வந்து படுத்ததைப் பெருமையாகச் சொல்லுவீங்களே.

ஐந்து என்றதும் கையில் ஒரு பட்டி கட்டி, போய் இருங்கள் என்றார்கள். இருந்தேன்.

அந்தக் கூடத்தை எப்படிச் சொல்ல? ஐம்பது அறுபது கதிரை, ஒன்றும் காலியில்லை. கைமூட்டு வீங்கிப்போன ஒரு பொடியன், தகப்பனின் மடியில் கையைத் தூக்கி வைத்தபடி நித்திரை. வாயைத் துணியால் பொத்திக்கொண்டு ஒரு கிழவர். நிலத்திலேயே படுத்துவிட்ட ஒரு பெண். எல்லோருடைய முகத்திலும் அந்த வெள்ளை லைட். கதவு திறக்கும்போதெல்லாம் எல்லோரும் தலையைத் தூக்குவோம், பெயர் வேறு யாருடையதோவாக இருக்கும், திரும்பக் குனிவோம். எனக்குப் பிறகு வந்த ஒருவரை நேரே உள்ளே கொண்டு போனார்கள். எனக்குக் கோபம் வந்தது. அவருக்கு நெஞ்சுநோ என்று பிறகு தெரிந்தது. அது நியாயம்தான். ஆனால் நாலு மணித்தியாலம் நோவோடு இருக்கிறவளிடம் ஒருவரும் வந்து “இப்ப எப்படி?” என்று கேட்காததில் என்ன நியாயம் இருக்கிறது? வேலையிடத்து மிஸி ஒருவரிடம் பிறகு இதைச் சொன்னேன். காத்திருக்கிற ஆட்களையும் இடைக்கிடை திரும்பப் பார்க்க வேண்டும் என்பது அந்த முறையிலேயே இருக்கிறதாம். மூன்றாம் இலக்கத்துக்கு அரை மணிக்கொரு தரம், நாலுக்கு மணிக்கொரு தரம். அன்று கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர்கள் இரண்டே பேர். வாசலில் அம்புலன்ஸ் வந்துகொண்டே இருந்தது. அவர்களில் ஒருத்தி தண்ணி குடிக்கிறதைக்கூட நான் காணவில்லை. அந்தப் பிள்ளைகளை என்னால் ஏச முடியாது.

பன்னிரண்டு மணி தாண்டி ஒரு தமிழ் அம்மா வந்தார். எழுபது வயது இருக்கும், கதை யாழ்ப்பாணப் பக்கம். மகன் கூட்டிக்கொண்டு வந்தார். மிஸி கேட்கக் கேட்க மகன் தமிழில் கேட்டார், அந்த அம்மா சொன்னது எனக்கு அப்படியே கேட்டது. “ஒண்டுமில்லையடா. வாய்வு. மேல்வயிறு கொஞ்சம் ஊதின மாதிரி. இந்தச் சனத்தை ஏன் கரைச்சல் படுத்துறாய்?” மகன் அதை அப்படியே இங்கிலீசில் சொன்னார். வாய்வு. இலக்கம் போட்டு, கதிரை காட்டினார்கள். என் பக்கத்தில் வந்து இருந்தார்.

மருமகள் இரவு வேலை, வீட்டில் கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டிருக்கிறதாம். ஒன்றரை மணிபோல மகன் என்னிடம், “அக்கா, பிள்ளையைப் பார்த்துவிட்டு ஓடி வாறன், அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கோ” என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் இருவரும் கதைத்துக்கொண்டிருந்தோம். எந்த ஊர் என்று கேட்டார். மட்டக்களப்பு என்றதும், “பாயாசம் மாதிரித் தயிர் தின்னுற ஊர்” என்று சிரித்தார். என் நோவை அந்த அரை மணித்தியாலம் மறந்திருந்தேன்.

இரண்டரை மணி தாண்ட அவரின் கதை குறைந்தது. “பல்லு உளையுது பிள்ளை” என்று தாடையைப் பிடித்தார். சால்வை ஈரமாக இருந்தது. வெளியே பனி கொட்டுகிறது, நாங்கள் எல்லோரும் ஜக்கெற்றோடு இருக்கிறோம், அவருக்கு நெற்றியால் வியர்வை வடிகிறது. சீனி வருத்தம் இருக்கா அம்மா என்று கேட்டேன். இருபது வருஷம் என்றார்.

அம்மா, முதியோர் இல்ல வேலைக்கு என்னைப் படிப்பித்தபோது ஒன்று சொல்லித் தந்தார்கள். சினிமாவில் காட்டுகிற மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் மட்டும்தான் மாரடைப்பு என்றில்லை. பெண்களுக்கும், வயது போனவர்களுக்கும், முக்கியமாக நீண்டகாலம் சீனி வருத்தம் இருக்கிறவர்களுக்கும் அது வேறு வேஷத்தில் வரும். மேல்வயிற்றில் ஊதல், தாடையில் உளைவு, குளிர் வியர்வை, சத்தி, இளைப்பு, காரணமில்லாத களைப்பு. சீனி நரம்பைக் கெடுத்துவிடுவதால் நெஞ்சில் நோவே தெரியாமல் போகலாம்.

என் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணாடிக்கு ஓடினேன். “அவருடைய பெயர் வரிசையில் இருக்கிறது, இருங்கள்” என்று பதில். அப்போதுதான் முறையாகச் சொன்னேன். வியர்வை கொட்டுகிறது, தாடை நோகிறது, சீனி வருத்தம் இருபது வருஷம். இந்த மூன்றையும் எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொல்லி முடிக்க முதலே மிஸி எழும்பிவிட்டார். அடுத்த சில நிமிடத்தில் ஈ.சி.ஜி. பிறகு இரண்டு பேர் கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார்கள். உள்ளே போகிற கதவடியில்கூட அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, “ஒண்டுமில்லைப் பிள்ளை, நீர் போய் இரும்” என்றார்.

இரண்டு மணித்தியாலத்துக்கு மேலாக அதே ஆள், அதே வருத்தத்தோடு, அதே ஆஸ்பத்திரிக்குள்தான் இருந்தார். வைத்தியம் இருபது அடி தூரத்தில் இருந்தது. மொழிபெயர்க்கிற ஆள் வேண்டுமென்று கேட்டால் போனில் எடுத்துத் தருவார்கள், அதை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் வாய்வு என்றுதான் சொல்லியிருப்பார் என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது.

விடிய ஐந்தேமுக்காலுக்கு என்னை ஒரு டொக்டர் பார்த்தார். நல்ல மனுஷி. இரத்தம், சலம் எடுத்தார்கள். இரவில் ஸ்கான் செய்கிற ஆள் இல்லை, ஒன்பது மணி வரை இருக்கச் சொன்னார்கள். இருந்தது அறையில் இல்லை, நடைபாதையில் ஒரு தள்ளுகட்டிலில். என் தலைமாட்டில் ஒரு கட்டில், கால்மாட்டில் ஒரு கட்டில். அதில் இருந்தவர்களை வார்ட்டில் சேர்க்க முடிவெடுத்து ஒரு நாளுக்கு மேலாகிவிட்டதாம், மேலே கட்டில் இல்லை. ஏன் இல்லை என்பது எனக்குத் தெரியும். வருத்தம் மாறியும் வீட்டுக்குப் போக முடியாத வயோதிபர்கள், நான் வேலை செய்கிற மாதிரி இல்லங்களில் இடம் கிடைக்கும் வரை வார்ட்டிலேயே கிடக்கிறார்கள். எங்கள் இல்லத்தில் ஒருவர் காலமானால் அந்த அறைக்கு வர ஒரு பட்டியலே காத்திருக்கிறது. இங்கே ஒரு கட்டில் நகராவிட்டால் கடைசியில் வாசல் கதிரை வரைக்கும் எல்லாம் இறுகிப்போகும். இதோடு, நாங்கள் இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் 20 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் குடும்ப டொக்டரே இல்லை. இருமல், காதுக்குத்துக்கும் அவர்கள் வேறெங்கே போவது? பகல் பன்னிரண்டரைக்கு வீடு வந்தேன். ஒரு சதமும் கேட்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

வெளிக்கிடும்போது அந்த மகனைக் கண்டேன். இரத்தக்குழாய் அடைப்பு, விடியவே அம்புலன்ஸில் வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பி அடைப்பெடுத்துவிட்டார்களாம், கதைக்கிறாராம். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். “வாய்வு எண்டுதானே அக்கா சொன்னவ” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அம்மா, எனக்கு மண்டூர்ப் பெத்தா ஞாபகம் வந்தது. மூன்று நாள் மேல்வயிறு நோவை “ஒண்டுமில்ல மனே” என்று இஞ்சித்தண்ணி குடித்துச் சமாளித்தவ. நாலாம் நாள் மண்டூர்த் துறையில், வாவியைக் கடக்கிற மிதவைப் பாதைக்குக் காத்து நின்று இக்கரைக்கு, குருமண்வெளிக்குக் கொண்டு வரும்போது பேச்சில்லை. எனக்குப் பத்து வயது, பெத்தாவின் காலைப் பிடித்துக்கொண்டு பாதையில் இருந்தது அப்படியே இருக்கிறது. உங்கட அம்மா. அதற்குப் பிறகும் நீங்க அதே சொல்லைத்தான் சொல்கிறீங்க. போன மாதம் படி ஏறினால் இளைக்கிறதென்று தங்கச்சி சொல்லித்தான் எனக்குத் தெரியும். உங்களிடம் கேட்டால் வயது போகுது என்றீங்க.

நம்மட ஊர் ஆஸ்பத்திரியிலும் கஷ்டம் தெரியும். கட்டில் போதாமல் பாயில் படுத்ததும், 2022இல் கிளினிக்கில் மருந்தில்லாமல் வெளியில் வாங்கியதும் எனக்கு மறக்கவில்லை. ஆனாலும் அங்கே உங்களுக்கு மொழி இருக்கிறது, பக்கத்தில் சுடுதண்ணிப் போத்தலோடு ஆள் இருக்கிறது. வாயைத் திறந்து சொன்னால் போதும்.

தங்கச்சி, இது உனக்கு. அம்மாவுக்கு அப்படி ஏதும் வந்தால் ஓட்டோ தேடாதே, விடியட்டும் என்று இராதே. 1990 அடி, காசு இல்லை, வருகிற ஆட்கள் வழியிலேயே பார்க்கத் தொடங்குவார்கள். நான் வெளிக்கிடும்போது அது நம்மட ஊரில் இல்லை, இப்ப இருக்கிறது. கிளினிக் கொப்பியும் குளிசைகளும் ஒரே பையில், கதவுக்குப் பின்னால் தொங்கட்டும். களுவாஞ்சிகுடியோ மட்டக்களப்போ, எங்கே கொண்டுபோனாலும் ஈ.ரி.யூவில், அந்த அவசர சிகிச்சைப் பிரிவில், முதல் சொல் “சீனி வருத்தம், பதினாலு வருஷம்” என்பதாக இருக்க வேண்டும். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பது இரண்டாவது. அம்மா குறுக்கே வாய்வு என்றால், அம்மா சொல்வதைக் கேட்காதீர்கள் என்று டொக்டருக்கு முன்னாலேயே சொல்லு. ஏசினால் என் பெயரைச் சொல்லு.

சித்திரைக்குக் காசு அனுப்புவேன். அதில் முதல் செலவு உங்களுக்கு ஒரு ஈ.சி.ஜி, உடுப்பு பிறகு.

அம்மா, வாற ஞாயிறு போன் எடுக்கும்போது எப்படி இருக்கிறீங்க என்று கேட்க மாட்டேன். இலக்கம்தான் கேட்பேன், பூச்சியத்திலிருந்து பத்துக்குள். கால் எரிவுக்கு எத்தனை, படி ஏறும்போது வருகிற இளைப்புக்கு எத்தனை, மேல்வயிற்றுக்கு எத்தனை. யோசித்து வையுங்க. ஐந்து என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

உங்கள் அன்பு மகள்