காசு கொடுத்தவருக்குத்தான் எல்லாத் தொல்லையுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

திருட்டு மென்பொருள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒரு மென்பொருளை உருவாக்க உழைத்தவர்களுக்கு உரிய காசு போய்ச் சேர வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் திருட்டுப் பிரதியைத் தடுக்க மென்பொருளில் வைக்கிற பூட்டை இன்னும் கடுமையாக்குவதுதான் வழி என்று கட்டுரை முடிகிறது. அதை என்னால் ஏற்க முடியவில்லை.

யாராவது ஒருவர் ஒரு தடவை பூட்டை உடைத்து இணையத்தில் போட்டுவிட்டால் போதும். அப்புறம் அதை இறக்கிக்கொள்கிற யாருக்கும் பூட்டு என்பதே கிடையாது. சீரியல் எண், ஆக்டிவேஷன் (நிறுவனத்திடம் பதிந்து மென்பொருளை இயங்கச் செய்வது), இணையச் சரிபார்ப்பு எல்லாம் காசு கொடுத்து வாங்கியவர் தலையில்தான் விடிகின்றன.

2007 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்டின் சரிபார்ப்பு சர்வர்களில் கோளாறு ஏற்பட்டது. முறையாக வாங்கிய விண்டோஸை வைத்திருந்த ஆயிரக்கணக்கானோருக்கு ‘உங்களுடையது போலி’ என்று செய்தி வந்தது. விண்டோஸின் அப்போதைய பதிப்பான விஸ்டாவை வைத்திருந்தவர்களுக்குச் சில வசதிகளும் முடங்கின. தவறு நிறுவனத்தின் சர்வரில், திருடர் என்ற பெயர் வாங்கியவருக்கு! 2010இல் யுபிசாஃப்ட் என்ற விளையாட்டு நிறுவனம், இணைய இணைப்பு இல்லாவிட்டால் நின்றுபோகிற மாதிரி தன் கணினி விளையாட்டுகளை வெளியிட்டது. அந்த மார்ச் மாதமே அதன் சர்வர்கள் தாக்கப்பட்டு, காசு கொடுத்தவர்கள் விளையாட முடியாமல் தவித்தார்கள். 2008இல் வந்த ஸ்போர் விளையாட்டை மூன்று கணினிகளுக்கு மேல் ஆக்டிவேட் செய்ய முடியாது என்றார்கள். அதனால் திருட்டுப் பிரதி பரவாமல் நின்றதா என்றால், அதுவும் இல்லை.

சரி, எந்தக் கட்டுப்பாடுமே வேண்டாமா? வேண்டும். நிறுவும்போது ஒரு முறை சரிபார்க்கட்டும். அதற்குப் பிறகு சர்வர் பதில் சொல்லவில்லையென்றால், வாங்கியவரை நம்பித் திறந்துவிட வேண்டும். பழைய கணினியிலிருந்து உரிமத்தை விடுவித்துப் புதியதற்கு மாற்றுவதை, உதவி மையத்தின் தயவில்லாமல் அவரே செய்துகொள்ளும்படி இருக்க வேண்டும். புதுப்பிப்புகளும் உதவியும் உரிமம் உள்ளவருக்கு மட்டும் என்றால் அதில் நியாயம் உண்டு. வாங்கியவருக்கு ஏதோ கூடுதலாகக் கிடைக்க வேண்டும், குறைவாக அல்ல. உரிமமே இல்லாமல் நூற்றுக்கணக்கான கணினிகளில் ஓட்டுகிற பெரிய நிறுவனங்கள் மீது சட்டம் பாயட்டும்.

பூட்டே இல்லாமல் விற்கிறவர்களும் இருக்கிறார்கள். ஜிஓஜி தளம் 2008 முதல் அப்படித்தான் விளையாட்டுகளை விற்கிறது. 2015இல் வந்த தி விட்சர் 3 அங்கே பூட்டில்லாமலே கிடைத்தது. எல்லாக் கருவிகளுக்குமாகச் சேர்த்து அந்த விளையாட்டு 5 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. பூட்டில்லாததால்தான் விற்றது என்று நான் சொல்ல வரவில்லை. அதனால் விற்பனை படுத்துவிடவில்லை, அவ்வளவுதான்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது இன்னொன்று. நிறுவனம் சர்வரை மூடிவிட்டால் நாம் வாங்கியது என்ன ஆகும்? 2012 டிசம்பரில் அடோபி நிறுவனம், ஃபோட்டோஷாப் போன்றவை அடங்கிய தன் பழைய சிஎஸ்2 மென்பொருள் தொகுப்பின் ஆக்டிவேஷன் சர்வர்களை நிறுத்தியபோது, ஆக்டிவேஷன் தேவைப்படாத பிரதியைக் கொடுத்தது. இது எல்லா நிறுவனங்களுக்கும் கட்டாயமாக வேண்டும், விற்கும்போதே எழுத்தில் தரப்பட வேண்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். மென்பொருள் விமர்சனம் வெளியிடும்போது விலையோடு இவற்றையும் போடுங்கள்: எத்தனை கணினிகளில் நிறுவலாம், இணையம் இல்லாமல் ஓடுமா, சர்வர் மூடப்பட்டால் என்ன உத்தரவாதம். வாங்குவதற்கு முன் எங்களுக்கு அது தெரிந்தாக வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்