பழைய பைபாஸ் நரம்பில் ஸ்டென்ட் வைக்கும் முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள்

கோவை, ஈரோடு, திருப்பூர், கரூர், நாமக்கல் வட்டாரத்து இதய மருத்துவர்களுக்கு வணக்கம்ங்க.

கோபி பக்கம் வாய்க்கால் பாசனத்தில் நெல்லும் மஞ்சளும் போடுகிற குடும்பம் எங்களுடையது. அப்பாவுக்குப் பைபாஸ் ஆகிப் 13 வருஷம். காலிலிருந்து ரத்த நரம்பை எடுத்து இதயக் குழாயில் மாற்றுப் பாதையாகத் தைத்தார்கள். அதை எடுத்த தழும்பு கெண்டைக்காலில் இன்னும் கயிறு போலத் தெரியும். போன தை மாதம் மறுபடி நெஞ்சுவலி. இதயத்தில் தைத்த அந்தக் கால் நரம்பில்தான் அடைப்பு, குழாயை விரித்துப் பிடிக்கும் கம்பிவலையான ஸ்டென்ட் வைத்தால் சரியாகிவிடும் என்றார்கள். கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்த டாக்டர், "ஸ்டென்ட் நல்லா உக்காந்துருச்சு, ஆனா ரத்தம் கீழ இறங்கல" என்றார். எனக்கு விளங்கவில்லை. திறந்துவிட்ட குழாயில் ரத்தம் எப்படிப் போகாமல் இருக்கும்? பிறகு திரையில் காட்டினார்கள். சாய மருந்து ஸ்டென்டைத் தாண்டிப் போய் அங்கேயே தேங்கி நின்றது. அடினோசின், நைட்ரோபுரூசைட் என்று ரத்தக்குழாயை விரிக்கும் மருந்துகளைக் குழாய் வழியாகவே மாற்றி மாற்றிக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டத்தை மீட்டார்கள். உயிரைக் காப்பாற்றிய அவர்களுக்கு நன்றி சொல்லாத நாளில்லை. ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி பழுதாகிவிட்டது. அப்பாவால் இப்போது ஒரு வரப்பு முழுக்க நடக்க முடிவதில்லை.

பழைய நரம்பில் படிந்த கொழுப்பு பொலபொலவென உதிரக்கூடியது, ஸ்டென்ட் வைக்கப் பலூனை விரித்ததும் தூள் கீழே போய் நுண்குழாய்களை அடைக்கும், அவையும் இறுகிக்கொள்ளும், இதற்கு 'நோ ரீஃப்ளோ' என்று பெயர் என்பதெல்லாம் அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. அப்பாவிடம் சொன்னேன். "வாய்க்கால்ல அடைப்ப இடிச்சு உட்டா சேறு போயி கொப்பு வாய்க்கா மடைய அடைக்கும். கீழ ஒரு சாக்கு கட்டிருக்கலாமே கண்ணு?" என்றார்.

அந்தச் சாக்கு உங்களிடம் இருக்கிறது. உதிர்வதைப் பிடிக்கும் வடிகட்டியும், கீழே போகாமல் மறிக்கும் பலூன் தடுப்பும் வந்து 20 வருஷத்துக்கு மேல் ஆகிறது. 2002இல் வெளியான சேஃபர் ஆய்வில், 801 பேரிடம் பலூன் தடுப்பைச் சோதித்தபோது, 30 நாளுக்குள் வரும் பெரிய சிக்கல்கள் 16.5 சதவீதத்திலிருந்து 9.6 ஆகக் குறைந்தன. எல்லோருக்கும் இது பொருந்தாது என்பதும் தெரியும். அடைப்பு நரம்பின் கீழ் முனையில் இருந்தால் வடிகட்டியை விரிக்கவே இடம் இருக்காது. அமெரிக்க வழிகாட்டுதலும் 2021இல் இதைத் தகுந்தவர்களுக்கு மட்டும் என்று தளர்த்திவிட்டது. சரி, போட முடியாது என்றால் அதையாவது சொல்லலாமே. நரம்பை விட்டுவிட்டு, இதயத்தின் பழைய சொந்தக் குழாயையே திறக்க வழியுண்டா என்றும் எங்களோடு பேசலாமே. "ரத்தம் நின்றுபோக வாய்ப்பு உண்டு, அப்படி ஆனால் இந்த மருந்து கையில் வைத்திருக்கிறோம்" என்று கையெழுத்துக்கு முன் எங்கள் பேச்சில் ஐந்து நிமிஷம் சொன்னால் போதும்.

அறுவை செய்கிறவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். எந்த நரம்பு எந்தக் குழாயில் தைக்கப்பட்டது என்று ஒரு படம் வரைந்து டிஸ்சார்ஜ் சீட்டோடு கொடுங்கள். அன்றைக்கு அப்பா மேசையில் படுத்திருந்தார், நான் வீட்டுக்குப் போன் போட்டு, தகரப் பெட்டியைக் கவிழ்த்து பைபாஸ் செய்த அந்தப் பழைய காகிதத்தைத் தேடச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசிவரை கிடைக்கவில்லை.

கோபியிலிருந்து ஒரு விவசாயி மகன்