வாசிப்பு வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, அங்கத்தவர்களே,

கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நான் நேரே இவ்வருட வாசிப்புக்கு வருகிறேன். பழைய கல்லூரிகளில் மாணவர்கள் தாமே நடத்திய சமயச் சங்கங்களை இம்முறை எடுத்துக்கொண்டோம்.

ஒக்ஸ்போர்ட்டில் தொடங்கினோம். 1729இல் சார்ல்ஸ் வெஸ்லியைச் சுற்றிக் கூடிய சிறு குழுவை அண்ணன் ஜோன் வெஸ்லி பொறுப்பேற்று நடத்தினார். புதனும் வெள்ளியும் உபவாசம், சிறைக் கைதிகளைப் போய்ப் பார்ப்பது என்று எல்லாவற்றுக்கும் ஓர் ஒழுங்கு. பகிடியாகச் சூட்டப்பட்ட 'மெதடிஸ்ட்' என்ற பெயரே பிறகு திருச்சபையின் பெயராகிவிட்டது.

அதிக நேரம் பிடித்தது அமெரிக்காவின் வில்லியம்ஸ் கல்லூரிதான். 1806 ஆகஸ்டில் வெளியே ஜெபிக்கப் போன ஐந்து மாணவர்கள், இடிமழை வரவே வைக்கோற்போரடியில் ஒதுங்கினார்கள். பேச்சு ஆசியாவில் ஊழியம் செய்வது பற்றிப் போனது. அவர்களில் ஒருவரான சாமுவேல் மில்ஸ் முன்னின்று 1808இல் சகோதரர் சங்கத்தை அமைத்தார். வெளிநாட்டு ஊழியத்துக்குத் தடையாக வேறு பொறுப்பு உள்ளவரைச் சேர்ப்பதில்லை என்பது ஒரு விதி. வெளியே தெரிந்தால் அவசரபுத்தி என்பார்கள் என்று சங்கத்தை இரகசியமாகவே வைத்து, யாப்பையும் சங்கேத எழுத்தில் எழுதினார்கள். என் கூட்டக் குறிப்பு விளங்கவில்லை என்று முறையிடும் அங்கத்தவர்கள் இதைக் கவனிக்கவும்.

அந்த ஐவரில் இன்னொருவர் ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ். 1816இல் அமெரிக்க மிஷனோடு யாழ்ப்பாணம் வந்து, 1822இல் தெல்லிப்பழையில் காலமானார். அப்புறம் வாசிப்பு சூடுபிடித்துவிட்டது. 1823இல் வட்டுக்கோட்டை செமினரி, 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி, அங்கே 1884இல் அமெரிக்க ஆசிரியர் பிராங் சாண்டர்ஸ் தூண்ட உருவான மாணவர் வை.எம்.சி.ஏ. என்று ஒன்றைத் தொட்டு ஒன்றாகப் படித்தோம்.

ஒக்ஸ்போர்ட் கிளையும் இங்கே வந்து சேர்ந்ததுதான். வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் படித்து, அங்கேயே கற்பித்து, பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கும் உதவிய ஆறுமுக நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மிஷனுக்குப் பதில் சொன்னவர் மிஷன் பள்ளியிலேயே பயின்றவர்! இவ்வருடத்தில் காரசாரமாக வாதாடியது இதைப் பற்றித்தான். வாதம் முடியவில்லை, முடிய வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

ஒரு குறை. நாம் வாசித்தவற்றில் பெரும்பகுதி மிஷனரிகளின் எழுத்து. அதே வகுப்பில் இருந்த சைவப் பிள்ளைகளின் குரல் அதில் குறைவு. அடுத்த வருடம் அந்தப் பக்கத்தை எடுக்கச் செயற்குழு யோசித்திருக்கிறது. வீட்டில் பழைய கல்லூரி மலர்கள் வைத்திருப்பவர்கள் தந்துதவுங்கள். பிரதி எடுத்துவிட்டுத் திருப்பித் தருவோம்.

செயலாளர்