ஏழுவாசலில் தராசு யார் கையில்?

அன்பு மக்களே,

நீ எழுதி அனுப்பிய ஏழுவாசல் கதையின் ஆறு அத்தியாயங்களையும் படித்து முடித்துவிட்டேன். போனில் படித்தால் கண் எரிகிறது என்று குளச்சலில் ஒரு கடையில் பிரிண்ட் போட்டு வாங்கி, ராத்திரி ஜெபம் முடிந்த பிறகு உட்கார்ந்து படித்தேன். வாட்ஸப்பில் இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் ஏழுவாசல் நகரம் எனக்குப் பிடித்திருக்கிறது. ராஜா இல்லாத ஊர். மலைக்கணவாயின் வாயில் நிற்கிறது. அந்தப் பக்கம் யாளிகள் திரியும் காடு, இந்தப் பக்கம் ஒன்றுக்கொன்று பகையான மூன்று ராஜ்யங்கள், நடுவில் ஒன்பது வியாபாரிகள் சபை கூடி ஆள்கிறார்கள். பொதிமாடுகள் விடியுமுன் வாசல் திறக்கக் காத்து நிற்கிற இடத்தை நன்றாக எழுதியிருக்கிறாய். அதை மட்டும் மறுபடியும் படித்தேன்.

ஆனால் ஒன்று கேட்கவேண்டும். சபை மண்டபத்துப் பொன் தூண்களுக்கு மூன்று பக்கம் கொடுத்திருக்கிறாய். நகரம் முழுக்கத் தேடினேன், ஒரு தராசு இல்லை. யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள் என்றும் எங்கேயும் வரவில்லை. இது இரண்டும் இல்லாமல் வியாபாரிகள் எப்படி ஒரு ஊரை ஆள்வார்கள்? நீ வேலை பார்ப்பதே துபாயில் ஒரு சரக்குக் கிடங்கில். எடை போடுகிறவன் கை எவ்வளவு நீளும் என்று உனக்கே தெரியுமே.

கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டைப் பற்றிக் கொஞ்சம் தேடிப் படி. கி.பி. 849. வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் திருவடிகள், மருவான் சபீர் ஈசோ என்பவர் கட்டிய பள்ளிக்கு, அதாவது கிறிஸ்தவக் கோயிலுக்கு, வட்டெழுத்தில் எழுதிக் கொடுத்தது. அதில் அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்று இரண்டு வணிகக் கூட்டங்கள் வருகின்றன. எழுபத்திரண்டு விடுபேறு என்று சலுகைகள் வருகின்றன. எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. அளக்கிற கோல், நிறுக்கிற கோல், முத்திரை, இதெல்லாம் யார் பொறுப்பில் இருக்கவேண்டும் என்று அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். ராஜா தன் கிரீடத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. ஆனால் சந்தைக்கு வருகிற மிளகு எத்தனை துலாம் என்று சொல்லும் அதிகாரம் அரண்மனையை விட்டு வெளியே போய்விட்டது. சாட்சிக் கையெழுத்துகள் அரபியில், பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்தில், எபிரேய எழுத்தில் எழுதிய பாரசீகத்தில் இருக்கின்றன. ஒரு செப்பேட்டில் இத்தனை எழுத்து! உன் ஏழுவாசலில் எல்லாரும் ஒரே பாஷை பேசுகிறார்களே, அது கொஞ்சம் சப்பென்று இருக்கிறது.

கடனைப் பற்றிச் சொல்ல நான் புத்தகம் தேடவேண்டாம். அப்பா கட்டுமரத்தில் போன காலத்தை நீ பார்த்ததில்லை. வலை வாங்க ஒரு வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தார். வட்டி என்று ஒரு பைசா அவர் கேட்டதில்லை. வெளியே பார்த்தால் தர்மவான். பிடிக்கிற மீனை அவருடைய ஏலக்காரர் மூலமாகத்தான் விற்கவேண்டும், அவ்வளவுதான் பேச்சு. மரம் கரையேறும். வலையை உதறி மீனை மணலில் குவிப்பார்கள். ஏலக்காரர் வந்து குவியலைக் காலால் கொஞ்சம் விலக்கி, அடியில் பொடி மீன் கிடக்கிறதா என்று பார்ப்பார். பிறகு ஒரு விலை சொல்லித் தொடங்குவார். சுற்றி நிற்கிற நாலைந்து பேரும் முதலில் வாயே திறக்கமாட்டார்கள். ஒருவர் கடலைப் பார்ப்பார், ஒருவர் பீடி பற்றவைப்பார். வெயில் ஏறிக்கொண்டே இருக்கும். அயலை வெயிலில் எவ்வளவு நேரம் தாங்கும்? அந்த மௌனத்துக்கு ஒரு விலை இருந்தது, அதைக் கொடுத்தது நாங்கள்தான். ஒருநாள் வெளியூர் வியாபாரி ஒருவர் கூடுதல் விலை சொன்னார். அப்பா தலையைக் குனிந்துகொண்டே பழைய ஏலக்காரருக்கே கொடுத்தார். யாரும் மிரட்டவில்லை, கத்தியைக் காட்டவில்லை. வலை யார் பணத்தில் வாங்கியது என்பது எல்லாருக்கும் தெரியும், அது போதுமே.

அதுபோக, குவியலிலிருந்து ஊர்க்கோயில் குத்தகைக்கு ஒரு பங்கு போகும். அந்தக் குத்தகையையும் யாராவது ஏலத்தில் எடுத்திருப்பார். வரி வசூலிக்கிற உரிமையே விலைக்குப் போகிற ஊர், மக்களே. உன் ஏழு வாசல்களிலும் சுங்கம் வாங்குகிறவர்கள் சபையின் சம்பளக்காரர்கள் என்று எழுதியிருக்கிறாய். என்னைக் கேட்டால் ஒவ்வொரு வாசலையும் வருஷத்துக்கு ஒருமுறை ஏலம் விடு. எடுத்தவன் போட்ட பணத்தை எப்படித் திரும்ப எடுப்பான் என்று யோசி. கதை தானாக நகரும்.

எல்லாருக்கும் கடைசியில் பெண்கள் நிற்பார்கள், மீன்கூடையான கடவத்தோடு. பெரிய வியாபாரிகள் எடுத்தது போக மிச்சத்தை வாங்கி, தலையில் சுமந்து இரணியல், திங்கள்சந்தை என்று நடப்பார்கள். மீன் நாற்றம் என்று பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். உன் பாட்டி அப்படி நடந்தவள்தான். உன் நகரத்தில் சுமக்கிறவர்கள் ஒரு வரியில் வந்து போகிறார்கள், "கூலிகள் மூட்டைகளை இறக்கினர்" என்று. அவர்களில் ஒருத்திக்காவது ஒரு அத்தியாயம் கொடு.

எல்லை நகரம் என்று எழுதுகிறாயே, நம் கோட்டாறு என்ன? ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டினால் பாண்டிநாடு, இந்தப் பக்கம் வேணாடு. வடக்கே மலையும் தெற்கே கடலும் இருக்கையில் சரக்கு போகவர அந்தக் கணவாய்தான் வழி. அந்த வழியைப் பிடித்து வைத்திருக்க எல்லா ராஜாக்களும் ஆசைப்பட்டார்கள். முதலாம் குலோத்துங்க சோழன் இந்தப் பக்கத்தை அடக்கியபின் கோட்டாற்றில் நிலைப்படையே வைத்தான். மூன்று ராஜ்யங்களுக்கு நடுவில் உன் ஊர் எப்படித் தப்பித்து நிற்கிறது என்பதற்கு நீ இன்னும் காரணம் சொல்லவில்லை. மூன்று பேருக்கும் அது தேவை என்பது மட்டும் போதாது. தேவையான ஊரைத்தான் முதலில் பிடிப்பார்கள்.

அப்படியானால் காவல் யார்? ஐந்நூற்றுவர் என்ற வணிகக் கூட்டம் சில ஊர்களை எறிவீரப்பட்டினம் என்று அறிவித்து, ஆயுதம் ஏந்திய வீரர்களைத் தங்கள் பாதுகாப்பில் வைத்திருந்தது. 1088இல் அதே கூட்டம் சுமத்ராவில் பாருஸ் பக்கம் தமிழில் கல்வெட்டு வைத்து, அங்கே வருகிற கப்பல்காரர்கள் கஸ்தூரி விலையை வைத்துக் கணக்கிட்டு இவ்வளவு பொன் கட்டவேண்டும் என்று விதித்திருக்கிறது. ராஜா இல்லாத இடத்தில் வியாபாரிகள் போட்ட சட்டம் அது. உன் ஒன்பது பேரும் தூண் மண்டபத்தில் தத்துவம் பேசுவதை விட்டுவிட்டு இப்படி ஒரு கல்வெட்டு வைக்கட்டும்.

இதற்கு இன்னொரு முகம் நம் வீட்டு வாசலிலேயே வந்து இறங்கியது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1602இல் தொடங்கியது. கம்பெனிதான், ஆனால் போர் தொடுக்கவும் உடன்படிக்கை செய்யவும் கோட்டை கட்டவும் அதற்கு அனுமதி இருந்தது. மேலே 17 இயக்குநர்கள். மிளகுக்காகத்தான் அவர்கள் 1741இல் குளச்சலில் படை இறக்கினார்கள். ஆகஸ்ட் 10ஆம் தேதி திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்டவர்மாவிடம் தோற்றார்கள். பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் இங்கேயே தங்கி, திருவிதாங்கூர்ப் படைக்குப் பயிற்சி கொடுத்து, 1777இல் இறந்தார். உதயகிரிக் கோட்டைக்குள் கல்லறை இருக்கிறதே, சின்ன வயதில் நீ அதன் மேல் ஏறப் பார்த்துத் திட்டு வாங்கினாய். துடுப்பைத் தோளில் வைத்துக் கடலோரம் வரிசையாக நின்று துப்பாக்கிப் படைபோல் காட்டி டச்சுக்காரர்களைப் பயமுறுத்தினோம் என்று நம் ஆட்கள் இன்றும் சொல்வார்கள். எனக்கு அந்தக் கதை பிடிக்கும். வியாபாரிகள் கூலிக்கு வைத்த படை தோற்ற பிறகு எஜமானை மாற்றிக்கொள்ளும் என்பதும் அதில் இருக்கிறது. உன் கதையில் காவல் தலைவன் சாகும்வரை சபைக்கு விசுவாசமாகவே இருக்கிறான். சம்பளம் நின்றால் என்ன செய்வான்?

ஒளிக்கல் பற்றி ஒரு வார்த்தை. யாளிக் காட்டிலிருந்து மட்டும்தான் வருகிறது என்று வைத்திருக்கிறாய். மணவாளக்குறிச்சி மணலின் கதையைக் கேள். இங்கிருந்து ஜெர்மனிக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன்காரர் அதில் மோனசைட் என்ற தாது இருப்பதைக் கண்டுபிடித்தார். அதிலிருந்து எடுக்கிற தோரியம், கேஸ் விளக்கில் ஒளிவிடும் வலையான மேன்டிலுக்குத் தேவைப்பட்டது. அதுவரை நம் கரையில் காலில் ஒட்டினால் தட்டிவிட்டுப் போன மண்! வாங்குகிறவனுக்குத் தெரிந்து விற்கிறவனுக்குத் தெரியாத சரக்கு ஒன்று ஏழுவாசலில் இருந்தால் எப்படி இருக்கும்? வேறு மூட்டையில் ஒட்டிக்கொண்டு போகட்டும்.

கடைசியாக, எனக்குப் பிடிக்காத இடம். ஆறாவது அத்தியாயத்தின் முடிவில், காணாமல்போன ராஜகுமாரன் திரும்பி வந்து ஒன்பது பேரையும் விரட்டப்போகிறான் என்று கோடி காட்டுகிறாய். வேண்டாம். டச்சுக் கம்பெனியைத் தோற்கடித்த மார்த்தாண்டவர்மா பிறகு என்ன செய்தார்? மிளகு வியாபாரத்தை அரசின் ஏகபோகம் ஆக்கினார். விளைவித்தவன் அரசு பண்டகசாலைக்குத்தான் கொடுக்கவேண்டும், அரசு சொன்ன விலைக்கு. தராசு கை மாறியது, அவ்வளவுதான். பிறகு ராஜா பலவீனமான காலத்தில் மாத்து தரகன் என்ற பெரிய வியாபாரியும் இன்னும் இரண்டு பேரும் அரண்மனையைக் கைக்குள் போட்டுக்கொண்டு ஆட்களிடம் கட்டாய வசூல் செய்தார்கள். காரியக்காரராக, அதாவது தாசில்தார் போன்ற அதிகாரியாக, இருந்த வேலுத்தம்பியிடமும் பெரிய தொகை கேட்டார்கள். அவர் தவணை வாங்கிக்கொண்டு வந்து நாஞ்சில் நாட்டு மக்களைத் திரட்டித் திருவனந்தபுரத்துக்கு நடந்தார். 1799இல் அந்த மூவரின் ஆட்சி போனது. ராஜகுமாரன் ஒருவனும் வந்து காப்பாற்றவில்லை. வரி கேட்கப்பட்டவர்கள்தான் நடந்து போனார்கள்.

அப்பாவின் கடன் எப்படித் தீர்ந்தது என்று உனக்குத் தெரியும். நான் கணக்கெழுதிய சங்கத்தில்தான் தீர்ந்தது. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு 1980இல் வந்தது, அந்த வழியில்தான் நம் ஊரிலும் நடந்தது. ஏலம் போடுகிற ஆளைச் சங்கமே வைத்தது. விற்ற பணத்தில் ஒரு பங்கு கடனுக்கு, ஒரு பங்கு சேமிப்புக்கு, மீதி கையில். அன்றன்றைக்குப் பாஸ்புக்கில் நான் எழுதுவேன். முதல் மாதம் வியாபாரிகள் யாரும் எங்கள் ஏலத்துக்கு வரவில்லை. மீன் வீணாகிப் போனது, ஆட்கள் என்னைக்கூடத் திட்டினார்கள். இரண்டு மூன்று வீட்டார் பயந்து பழைய இடத்துக்கே போனார்கள். பிறகு ஒரு வியாபாரி வந்தார். ஒருவர் வந்தால் அடுத்தவருக்கு இருப்புக்கொள்ளாது, அவர்களுக்குள்ளும் போட்டி உண்டே. சங்கத்திலும் சண்டை இல்லாமல் இல்லை, தலைவர் தேர்தலுக்கு ஊர் இரண்டாகும். ஆனாலும் மீன் பிடித்தவன் கண்முன் விலை படிந்தது. ஏழுவாசலுக்கு நீ எழுதவேண்டிய கலகம் இதுதான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். பொதிமாட்டுக்காரர்கள் சேர்ந்து சொந்தமாக ஒரு தராசு வைக்கட்டும். முதல் மாதம் ஒரு வியாபாரியும் வரவேண்டாம்.

உன் ஒன்பது பேரையும் ராட்சசர்களாக்காதே. எங்களுக்கு முன்பணம் கொடுத்தவர் புயல் வருஷத்தில் அரிசியும் கொடுத்தார். அது கணக்கிலும் ஏறியது. இரண்டையும் எழுது.

ஏழாவது அத்தியாயத்தை எழுதியதும் பிடிஎஃப்பாக அனுப்பு, எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக வை. சவேரியார் திருநாளுக்கு லீவு கிடைக்குமா என்று இப்போதே கேட்டுவை, டிசம்பர் 3 நெருங்கினால் டிக்கெட் விலை ஏறிவிடும். வந்தால் ஆரல்வாய்மொழிக்கு ஒருநாள் போய்வரலாம். கணவாயில் காற்று எப்படி அடிக்கிறது என்று பார்த்துவிட்டு உன் முதல் அத்தியாயத்தைத் திருத்து, அங்கே காற்றே இல்லை.

அன்புடன்,
அம்மா