கதாநாயகர்களுக்கு மட்டுமா வாக்குச் சீட்டு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தமிழ்த் திரையுலகின் தலைசிறந்த நடிகர் யார், தலைசிறந்த படம் எது என்று தாங்கள் தொடங்கி வைத்த விவாதத்தையும், அதையொட்டி வந்துகொண்டிருக்கும் வாசகர் கடிதங்களையும் மூன்று வாரங்களாக ஒன்றுவிடாமல் படித்து வருகிறேன். சிவாஜி கணேசனா எம்.ஜி.ஆரா என்று தொடங்கிய வழக்கு, கமல்ஹாசன், ரஜினிகாந்த் என்று வளர்ந்து, சென்ற வாரம் விக்ரமிலும் தனுஷிலும் வந்து நிற்கிறது. டூரிங் டாக்கீஸின் மணல் தரையில் உட்கார்ந்து சிவாஜிக்காகத் தொண்டை வறளக் கத்தியவன் என்ற முறையில் இந்தச் சண்டையின் சுவை எனக்கும் தெரியும். ஆனால் வந்த கடிதங்களில் ஒன்றில்கூட டி.எஸ். பாலையாவின் பெயர் இல்லை, எஸ்.வி. ரங்கா ராவின் பெயரும் இல்லை. நாகேஷ் ஒரே ஒரு கடிதத்தில், அதுவும் நகைச்சுவைக்கென்று ஒதுக்கிய கடைசி வரியில் வருகிறார். தாங்கள் அச்சிட்டிருக்கும் வாக்குச் சீட்டின் பத்துப் பெயர்களும் கதாநாயகர்களின் பெயர்களே. நடிப்பை அளக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, சுவரொட்டியில் யார் முகம் பெரிதாக இருந்தது என்பதை அளந்துகொண்டிருக்கிறோம் என்பதே என் குறை.

பாலையாவையே எடுத்துக்கொள்கிறேன். 1936இல், எம்.ஜி.ஆர். முதன்முதலாகத் திரையில் தோன்றிய அதே ‘சதி லீலாவதி’யில்தான் அவரும் அறிமுகமானார். முதலில் வில்லன், பிறகு ‘தூக்குத் தூக்கி’யின் சேட், பிற்காலத்தில் அப்பாவித் தகப்பன் என்று அவர் ஏற்காத வேடம் குறைவு. 1964இல் ஸ்ரீதர் இயக்கிய ‘காதலிக்க நேரமில்லை’யில், மகன் செல்லப்பாவாக வரும் நாகேஷ் அவருக்குத் திகில் கதை சொல்லும் இடத்தை அறியாத தமிழர் குறைவு. அந்தக் காட்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் நாகேஷைத்தான் பேசுவார்கள். வாயாலேயே அத்தனை ஓசைகளையும் எழுப்பிக் காட்டும் அவருடைய திறமையும் அப்படிப்பட்டதுதான். அடுத்த முறை அந்தக் காட்சி தொலைக்காட்சியில் வரும்போது, நாகேஷின் பக்கம் கண்ணைத் திருப்பாமல் பாலையாவை மட்டும் பார்க்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வசனமெல்லாம் மகனுக்கு, தகப்பனுக்கு இருப்பது முகம் மட்டுமே. அந்த முகம் மிரண்டு ஒடுங்குவதைப் பார்த்துத்தான் நமக்குக் கதையில் பேய் இருப்பதே தெரிகிறது. கேட்பவர் பயப்படாவிட்டால் சொல்பவரின் கதைக்கு ஏது பயம்?

மறு ஆண்டு வந்த ‘திருவிளையாட’லில் அவர் ஹேமநாத பாகவதர். பாலமுரளிகிருஷ்ணாவின் குரலுக்கு வாயசைத்து அவையையே அற்பமாகப் பார்க்கும் அந்தச் செருக்கு எல்லார் நினைவிலும் இருக்கிறது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, விறகு விற்பவராக வந்த சிவாஜி இரவில் பாடும்போது அதைக் கேட்டு நிற்கும் பாகவதர்தான். பாட்டு டி.எம். சௌந்தரராஜனுடையது, கேமராவின் கண் பெரும்பாலும் சிவாஜியின் மேல். இருந்தாலும், தோற்றுவிட்டோம் என்று ஒரு வித்வானின் உள்மனம் ஒப்புக்கொள்ளும் கணம் பாலையாவிடம்தான் இருக்கிறது. ஊரைவிட்டு அவர் ஓடுவது அதற்குப் பிறகு நடக்கும் சடங்கு, அவ்வளவே.

1968இல் வெளிவந்த ‘தில்லானா மோகனாம்பா’ளில் அவர் தவில்காரர். ‘நலந்தானா’ பாட்டில் பத்மினி ஆடிக்கொண்டே நலம் விசாரிக்கிறார். காயம்பட்ட கையோடு சிவாஜி நாகஸ்வரத்தால் பதில் சொல்கிறார். அவர்கள் இருவருக்கும் நடுவே நடக்கும் அந்த உரையாடல் முழுவதும் புரிந்த ஒரே மனிதராக, தவிலில் கை ஓடிக்கொண்டிருக்கக் கண் கலங்குகிறார் பாலையா. காதலர்களின் துயரத்தை நமக்கு எடுத்துக் கொடுப்பவர் அவர். அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அந்தப் படத்துக்குக் கிடைத்தது. பாலையாவைப் போன்றவர்களுக்குக் கொடுப்பதற்கு அன்று ஒரு பிரிவே கிடையாது.

விருது என்றதும் சில கடிதங்களுக்கு விடை சொல்ல வேண்டியிருக்கிறது. சிவாஜிக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை என்று பலரும் மனம் நொந்து எழுதியிருக்கிறார்கள். எனக்கும் அந்த ஆற்றாமை உண்டு. ஆனால் நடிகருக்கென்று அந்த விருது வழங்கப்பட்டதே 1967ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான். ‘பராசக்தி’யும் ‘பாசமல’ரும் அதற்கு முன்பே வந்துவிட்டன என்பதை யாரும் குறிப்பிடவில்லை. துணை நடிகருக்கான தேசிய விருதோ 1984ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் வழங்கப்பட்டது. பாலையா 1972இலும், ரங்கா ராவ் 1974இலும், எம்.ஆர். ராதா 1979இலும் மறைந்துவிட்டார்கள். பிழைத்திருந்து அதை வாங்கியவர் நாகேஷ், ‘நம்மவர்’ படத்துக்காக. அதே 1994இல் வந்த ‘மகளிர் மட்டும்’ படத்தில் அவர் ஏற்ற வேடம் பிணம். கண்ணும் அசையாத, மூச்சும் தெரியாத ஒரு பிணமாகக் கிடந்து திரையரங்கைச் சிரிக்க வைத்தவரை ‘நகைச்சுவைக்கு நாகேஷ்’ என்று ஒரே வரியில் முடித்துவிட எப்படி மனம் வருகிறது என்று தெரியவில்லை.

மூன்று மணி நேரப் படத்தைத் தோளில் சுமப்பவர் நாயகன்தானே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சிவாஜியின் தோளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ‘படிக்காத மேதை’யில் ரங்கனாக அவர் நம்மை அழவைக்கிறார் என்றால், அந்த ரங்கன் வீட்டைவிட்டுப் போன பிறகு ரங்கா ராவ் வெறிச்சோடி நிற்கும் நிலையைப் பார்த்துத்தான் போனவனின் அருமை நமக்கு உறைக்கிறது. படங்களின் பட்டியலுக்கும் இது பொருந்தும். 2005இல் அமெரிக்காவின் ‘டைம்’ இதழ் தன் நூறு படங்களில் ‘நாயக’னைச் சேர்த்ததைக் கமல்ஹாசனின் கணக்கில் வரவு வைத்து இரண்டு கடிதங்கள் வந்திருக்கின்றன. அந்தப் படத்தின் ஜனகராஜையும் டெல்லி கணேஷையும் எடுத்துவிட்டால் வேலு நாயக்கருக்கு யாரிடம் நாயக்கராக இருப்பது என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்த்திருக்கலாம்.

நடிகைகளுக்கென்று தனிச் சீட்டு அடுத்த மாதம் வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதிலாவது சாவித்திரிக்கும் பத்மினிக்கும் பக்கத்தில் மனோரமாவுக்கும் ஓர் இடம் ஒதுக்கும்படி வேண்டுகிறேன்; ‘தில்லானா மோகனாம்பா’ளின் ஜில் ஜில் ரமாமணி ஒருத்தியே அதற்குப் போதும். நடப்புச் சீட்டைப் பொறுத்தவரை, பத்துப் பெயர்களையும் குறுக்கே கோடிட்டு அடித்துவிட்டு, ஓரத்தில் ‘டி.எஸ். பாலையா’ என்று என் கையால் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். அதைச் செல்லாத வாக்கு என்று ஒதுக்குவதாக இருந்தால், செல்லாத வாக்குகள் மொத்தம் எத்தனை என்பதையாவது முடிவுகளோடு சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருநெல்வேலி.